வேப்பமரங்கள் கருகுவதேன்?

ஐப்பசி முதல் தை வரை வேம்பின் கொழுந்துகள் தீப்பட்டவைபோல் நுனியிலிருந்து கருகுவதைக் கண்டு, மரம் பட்டுவிட்டதெனக் கருதிப் பலர் வெட்டி விறகாக்கிவிடுகின்றனர். இது அவசரச் செய்கையேயாகும். 2021-ம் வருஷத்தில் தெலங்காணாவில் வேம்புகள் இவ்விதமே ஏராளமாய்க் கருகின. தேயிலைக் கொசு (பெயரில் கொசுவாயினும் நாவாய்ப்பூச்சி இனமே) இளந்தண்டின் சாற்றை உறிஞ்சுகிறது. 1997-ல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட போமாப்சிஸ் என்னும் பூசணமோ நுனியினின்று கீழிறங்கிக் கிளையை உலர்த்துகிறது. இரண்டிலும் வேர் கெடுவதில்லை. ஆகவே மாசி, பங்குனியில் பெரும்பாலான மரங்கள் மறுபடி தளிர்க்கின்றன.

வேங்கிக்கால் ஏரிக்கரையிலாயினும் வீட்டுக் கொல்லையிலாயினும் வேம்பு கருகக் கண்டால், முதலில் பட்டையைக் கத்திமுனையால் சற்றே சுரண்டிப் பார்த்தல் வேண்டும். உள்ளே பச்சையிருப்பின் மரத்துக்கு உயிருண்டு. எட்டும் கிளைகளில், கருகிய நுனியைச் சிறிது பச்சைப் பாகத்துடன் நறுக்கிக் கொளுத்திவிடலாம். அம்மரத்து விதையை நாற்றுக்கு எடுக்கலாகாது. விதை வழியாகவும் பூசணம் பரவும். மரம் முழுதும் ஒருங்கே வாடி, அடியில் காளான் தோன்றினால் அது வேரழுகல், வேறு வியாதி. தூரைச் சுற்றிச் சிமெண்டுத் தளமிட்டு வேரைத் திணறவைத்தவர்கள் பூச்சியின்மேல் பழி சுமத்துவதில் பயனில்லை.

புறம்போக்கிலுள்ள வேம்புகளைப் பட்டமரமென ஏலத்துக்குச் சிபாரிசு செய்யுமுன், கிராம அதிகாரிகள் பங்குனி கழியும்வரை பொறுத்திருப்பது அவசியம்.