கம்ப்யூட்டர் அணைய மறுத்தால் மெயின் சுவிட்சில் கை வைக்காதீர்!

கடை கட்டும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணையாமல் நின்றுவிடுகிறது என்ற புகார் நம் வணிகப் பெருமக்களிடையே பரவலாக உள்ளது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஷட்டரை இறக்கப் பையன் காத்து நிற்பான். பொறுமையிழந்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவதும், மறுநாள் வரும் சர்வீஸ்காரர் "பார்மெட் அடிச்சிரலாம் அண்ணாச்சி" என்பதும் வாடிக்கையாகிவிட்டன. இரண்டையும் நிறுத்த வேண்டும் என்பது நம் கருத்து.

அணையும் நேரத்தில்தான் கம்ப்யூட்டர் மீதமுள்ள பதிவுகளை ஹார்டுடிஸ்க்கில் எழுதி முடிக்கிறது. அப்போது மின்சாரத்தை வெட்டுவது, கணக்குப்பிள்ளை பேரேடு எழுதும்போது பேனாவைப் பிடுங்குவதற்குச் சமம். பில் கணக்குக் கோப்பு பழுதானால் கடன் பாக்கி, சரக்கு இருப்பு எல்லாம் போச்சு. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்வதற்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டியது நம் பொறுப்பு. கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

கம்ப்யூட்டர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். திரையில் எழுத்து தெரிந்தபடி நின்றால், ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் விடவில்லை என்று பொருள். பில் பிரிண்டரில் தாள் தீர்ந்து, அச்சாகாத பில் வரிசையில் நிற்கிறதா பாருங்கள். அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர் என்று திரை சொன்னால் அது கோளாறே அல்ல, அப்படியே விட்டுவிடுங்கள்.

திரை இருண்ட பிறகும் உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தால் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' மீது சந்தேகப்படலாம். 2012-இல் விண்டோஸ் 8 உடன் வந்த வசதி இது. ஷட் டவுன் கொடுத்தாலும் இயந்திரம் முழுதாக மூடாது. மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக உள்நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாக மூடித் திறக்கும். ஆகவே ரீஸ்டார்ட் ஒழுங்காக நடந்து, ஷட் டவுனில் மட்டும் நின்றால், ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள். சுத்தமாக அணைந்தால், கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அந்த வசதியை நிறுத்திவிடலாம். காலையில் சில விநாடி கூடுதலாகக் காத்திருப்பதில் நமக்கு நஷ்டமில்லை.

ரீஸ்டார்ட் ஆகும்போது கம்பெனிச் சின்னத்திலேயே நின்றால் செருகியிருக்கும் பென்டிரைவைக் கழற்றுங்கள். ஸ்கேனர், தராசு இணைப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். 'சேப் மோடில்' ஒழுங்காக அணைகிறது என்றால், பின்னால் ஏற்றிய ஒரு டிரைவரோ புரோகிராமோதான் காரணம். அணையவும் தாமதம், கோப்பு திறக்கவும் தாமதம் என்றால் ஹார்டுடிஸ்க் தேய்கிறதோ என்று பாருங்கள். எதற்கும் முன் நகல் எடுங்கள்.

அரை மணி காத்தும் டிஸ்க் விளக்கு அசையவில்லையென்றால் மட்டும், பெட்டியின் பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடிக்கலாம். அதுவும் வெட்டுதான், கடைசி வழி.

பார்மெட் விஷயத்தில் நாம் கறாராக இருக்க வேண்டும். பல கடைகளில் பில் கணக்கு சி டிரைவிலேயே கிடக்கிறது. அதை அழித்துவிட்டு, அதே பழைய டிரைவரை அதே பென்டிரைவிலிருந்து திரும்ப ஏற்றினால் கோளாறு எங்கே போகும்? (சர்வீஸ் கட்டணம் மட்டும் போகும்.) காரணத்தைச் சொல்லாமலும், நகலைத் திறந்து காட்டாமலும் பார்மெட் செய்யக்கூடாது என்று ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. கல்லா எண்ண உட்காரும் முன்பே நாள் மொத்தத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு, பில் புரோகிராமை மூடி, பென்டிரைவில் நகல் எடுத்துக் கழற்றிவிட்டு ஷட் டவுன் கொடுங்கள். பணம் எண்ணி முடிப்பதற்குள் இயந்திரம் அணைந்துவிடும். பென்டிரைவைக் கடையில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.