பவர் சப்ளையைத் தொட்டால் 'சுர்ர்'னு இருக்கா? சும்மா விடாதீங்க!

மொபைல் சர்வீஸ் கடை, கல்லூரி எலெக்ட்ரானிக்ஸ் லேப், ஆர்டுயினோ போர்டு வைத்து ஏதாவது செய்துகொண்டிருப்பவரின் வீட்டு மேசை. இந்த மூன்று இடத்திலும் ஒரு பெட்டியைப் பார்க்கலாம். முன்பக்கம் வோல்ட், ஆம்ப் காட்டும் டிஸ்ப்ளே, இரண்டு மூன்று நாப், சிவப்பும் கறுப்புமாக டெர்மினல்கள். இதுதான் பெஞ்ச் பவர் சப்ளை. சுவரிலிருந்து 230 வோல்ட் ஏசியை வாங்கி, பெரும்பாலும் 0 முதல் 30 வோல்ட் வரை நமக்கு வேண்டிய அளவில் டிசியாகக் கொடுக்கும்.

வெளியே வருவது 30 வோல்ட்தானே என்ற தைரியத்தில்தான் பலரும் இதைக் கையாள்கிறார்கள். காய்ந்த கைக்கு 30 வோல்ட் டிசி பெரிய ஆபத்து இல்லை, உண்மைதான். ஆனால் அதே பெட்டிக்குள், சில அங்குலம் தள்ளி, 230 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மையும் அதையும் பிரித்து வைப்பது இன்சுலேஷனும் ஒரு பச்சை ஒயரும்தான்.

பெட்டியின் உலோக உடம்பில் புறங்கை உரசினால் லேசாக 'சுர்ர்' என்று இருப்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். "அதெல்லாம் அப்படித்தான் பாஸ், பழகிடும்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லியிருப்பார். பழகவே கூடாத விஷயம் அது.

அந்த 'சுர்ர்' எங்கிருந்து வருது?

இப்போது விற்கும் பல மாடல்கள் எஸ்எம்பிஎஸ் வகை. உள்ளே வேகமாக ஆன், ஆஃப் ஆகும் சர்க்யூட்டின் இரைச்சல் வெளியே போகாமல் இருக்க, மெயின்ஸ் ஒயர்களுக்கும் பெட்டியின் உடம்புக்கும் நடுவே 'ஒய் கெப்பாசிட்டர்' எனும் சின்னக் கெப்பாசிட்டர்களை வைத்திருப்பார்கள். அவை வழியாக மிகக் கொஞ்சம் கரன்ட் எப்போதும் உடம்புக்கு வரும். வந்ததும் எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். டிசைனே அப்படித்தான்.

எர்த் இல்லை என்றால் அந்தக் கரன்ட்டுக்குப் போக வழி இல்லை. பெட்டியின் உடம்பு மெயின்ஸில் பாதி அளவு, அதாவது 115 வோல்ட் பக்கத்தில் நிற்கும். பாயும் கரன்ட் பொதுவாக 1 மில்லி ஆம்பியருக்கும் கீழே என்பதால் வெறும் கூச்சத்தோடு போய்விடுகிறது.

கூச்சத்தால் ஆள் சாக மாட்டார். ஆனால் 'இந்தப் பெட்டிக்கு எர்த் இல்லை' என்று அது சொல்கிறது. நாளைக்கே உள்ளே ஃபேஸ் ஒயர் கழன்று உடம்பில் பட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் இருந்தால் பெரிய கரன்ட் பாய்ந்து அந்த நொடியே ஃபியூஸ் போகும், அல்லது எம்சிபி விழும். எர்த் இல்லாத பெட்டியில் எதுவுமே நடக்காது. டிஸ்ப்ளே எரியும், 5 வோல்ட் கேட்டால் 5 வோல்ட் கொடுக்கும், உடம்பு முழுக்க 230 வோல்ட்டோடு அமைதியாக உட்கார்ந்திருக்கும். முதலில் தொடுபவரின் உடல்தான் எர்த் ஒயர். ஈரக் கையோடு மனித உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று வைத்தால் 230 மில்லி ஆம்பியர் பாயும். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு.

எர்த் எப்படிக் காணாமல் போகிறது?

பெரும்பாலும் நம் கையால்தான். மூன்று பின் பிளக் சாக்கெட்டில் நுழையவில்லை என்று இரண்டு பின் அடாப்டர் மாட்டுவது, மேலே உள்ள தடித்த பின்னை உடைத்து எறிவது, மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது. அந்த எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதே, செருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியாக விடவேண்டும் என்பதற்காகத்தான். பழைய கட்டடங்களில் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் ஒயரே இருக்காது. இது இன்னும் மோசம்.

தெரிந்தே எர்த்தை வெட்டுபவர்களும் உண்டு. "அவுட்புட் ஃப்ளோட்டிங்கா வேணும்" என்பார்கள். நல்ல பெஞ்ச் சப்ளையில் அவுட்புட் ஏற்கெனவே எர்த்திலிருந்து தனித்துத்தான் இருக்கும். பல மாடல்களில் சிவப்பு, கறுப்போடு பச்சையாக ஒரு எர்த் டெர்மினலும் உண்டு. கறுப்பையும் பச்சையையும் இணைக்கும் சின்ன உலோகப் பட்டையைக் கழற்றினால் வேலை முடிந்தது. பிளக்கை வெட்டத் தேவையே இல்லை.

சோதிப்பது சுலபம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒரு முனையை எர்த் பின்னிலும் மற்றதைப் பெட்டியின் பெயின்ட் இல்லாத ஸ்குரூவிலும் வையுங்கள். 1 ஓமுக்கும் கீழே காட்டினால் பெட்டி சரி. பெட்டி சரியாக இருந்தும் 'சுர்ர்' வந்தால் சாக்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். அதை எலெக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

திறக்கலாமா?

மேல்தூசியைத் துடைக்க, ஃபேன் ஓட்டையைச் சுத்தம் செய்ய, திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டுக் காய்ந்த துணியும் பிரஷ்ஷும் போதும். ஃபியூஸ் போனால் அதே அளவு, அதே வகை ஃபியூஸ்தான் போட வேண்டும், செம்புக் கம்பி கூடாது. புது ஃபியூஸும் உடனே போனால் உள்ளே கோளாறு என்று அர்த்தம். மூன்றாவதைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

பயிற்சி உள்ளவர் திறந்தாலும் ஒரு பொறி காத்திருக்கிறது. 230 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் கணக்கு, உச்சம் 325. எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெப்பாசிட்டர் அந்த 325 வரை சார்ஜ் ஆகும். 220 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 11.6 ஜூல் உள்ளே தங்கும். நன்றாக ஓடும் பெட்டியை ஆஃப் செய்தால் சர்க்யூட்டே அதைக் குடித்துவிடும். நாமோ பழுதான பெட்டியைத்தானே திறக்கிறோம்? அதில் குடிக்க ஆள் இல்லை. பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆன பிறகும் சார்ஜ் அப்படியே இருக்கலாம்.

ஸ்குரூ டிரைவரை வைத்து 'டப்' என்று ஷார்ட் பண்ணுவதைச் சிலர் வீரமாக நினைக்கிறார்கள். கண்ணில் உலோகத் துளி தெறிக்கும், அவ்வளவுதான் பலன். இன்சுலேட் செய்த ஒயரில் 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இணைத்துச் சில நொடி பிடித்து, பிறகு மீட்டரில் பூஜ்ஜியம் பக்கம் வந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது, சில கெப்பாசிட்டர்களில் வோல்டேஜ் கொஞ்சம் திரும்ப ஏறும்.

'எங்க லேப்ல ஆர்சிடி இருக்கு' என்பீர்கள். நல்லது, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி கட்டாயம் இருக்க வேண்டும், அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்கவும் வேண்டும். ஆனால் ஃபேஸையும் நியூட்ரலையும் இரு கையால் தொட்டால் அது விழாது. கெப்பாசிட்டரில் தங்கிய சார்ஜும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமான பையனிடம் "பாத்து செய்டா" என்று சொல்வது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. சாக்கெட்டுக்கு எர்த் இழுப்பது கடை முதலாளியின் வேலை. ரெக்கார்டு நோட்டில் ஒரு கோடு விட்டுப்போனால் மார்க் குறைக்கும் துறைகள், செமஸ்டருக்கு ஒருமுறை லேபில் உள்ள ஒவ்வொரு பெட்டியின் எர்த்தையும் அளந்து, தேதியோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம். ஒரு பெட்டிக்கு இரண்டு நிமிடம் ஆகும். ஸ்டிக்கர் இல்லாத பெட்டியில் ப்ராஜெக்ட் செய்யமாட்டேன் என்று மாணவர் சொன்னால், அதை அடாவடி என்று யாரும் சொல்ல முடியாது.