புகழுரைக்குப் பின்னால் ஒரு கடமை

மாநிலங்களவையில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஓய்வு பெறுகின்றனர். அப்போது கட்சி பேதமின்றிப் பிரிவுபசார உரைகள் நிகழ்வது மரபு. முந்தைய நாள் வரை எதிரெதிரே முழக்கமிட்டவர்களும் அன்று ஒருவரையொருவர் மனமாரப் புகழ்வர். 2022 மார்ச் 31-ஆம் தேதி அவை விடைகொடுத்த 72 பேரில் ஏ.கே. அந்தோணியும் ஒருவர். மீண்டும் போட்டியிட விருப்பமில்லை என்று கட்சித் தலைமைக்கு முன்னரே தெரிவித்திருந்த அவர், 81 வயதில் தில்லி வாழ்வை முடித்துக்கொண்டு திருவனந்தபுரம் திரும்பினார்.

அவர் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். 1980-இல் நாயனார் தலைமையிலான இடதுசாரி அரசில் பங்கேற்ற அவரது காங்கிரஸ் பிரிவு, மறு ஆண்டே ஆதரவை விலக்கிக்கொண்டது. அவர் முதல்வராக இருந்த 2003-இல் முத்தங்காவில் ஆதிவாசிகள் மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூடு இன்றும் மறக்கப்படவில்லை. பாதுகாப்புத் துறையில் கொள்முதல் முடிவுகளைத் தாமதப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டும் உண்டு.

ஆயினும் எதிரணியினரும் அவரை மதித்தனர் என்றால், பதவியை அவர் பற்றிக்கொண்டிராததே முதற்காரணம். 36 வயதில் கேரள முதல்வரானவர், சிக்மகளூர் இடைத்தேர்தலில் இந்திரா காந்தியை ஆதரிக்கும் கட்சி முடிவை ஏற்காமல் 1978-இல் விலகினார். சர்க்கரை இறக்குமதி சர்ச்சையின்போது நரசிம்ம ராவ் அமைச்சரவையிலிருந்து விலகினார். 2004 மக்களவைத் தேர்தலில் கேரளத்தின் 20 தொகுதிகளில் காங்கிரஸ் ஒன்றைக்கூட வெல்லாத நிலையில், முதல்வர் பதவியைத் துறந்தார்.

2013 ஆகஸ்டில் பூஞ்ச் எல்லையில் ஐந்து வீரர்கள் கொல்லப்பட்டபோது, பாதுகாப்பு அமைச்சராக அவர் அளித்த முதல் அறிக்கை பாகிஸ்தான் ராணுவத்தை நேரடியாகக் குற்றம்சாட்டவில்லை. எதிர்க்கட்சிகள் கொந்தளித்தன. இரண்டே நாள்களில் நாடாளுமன்றத்தில் திருத்திய அறிக்கை அளித்து, அந்த ராணுவத்தின் பங்கை வெளிப்படையாகக் கூறினார். எதிர்க்கட்சியின் கூச்சலிலும் ஓர் உண்மை இருக்கக்கூடும் என்று ஏற்பதே நாடாளுமன்றப் பண்பு.

இத்தகையவரை விடைபெறும் நாளில் புகழ்வது எளிது. அதற்குச் செலவு ஏதுமில்லை. தம் துறையில் தவறு நேரும்போது பொறுப்பேற்று விலகுவதும், மாற்றுக் கட்சியினர் சுட்டிக்காட்டும் பிழையைத் திருத்திக்கொள்வதும்தாம் கடினம். புகழ்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தச் செலவை ஏற்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதே கேள்வி.