பக்கத்தில் நிற்பவனின் கடமை

யுத்தகாலத் தடையினால் ஒரு சாதாரண ரொர்ச் பற்றரியைக்கூட வவுனியாவுக்கு அப்பால் கொண்டுசெல்ல முடியாதிருந்த, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டுப் பழகிய இதே வன்னியிலே, இன்று கொங்கிறீற்றைத் துளைக்கும் டிரில்லின் பிடிக்குள்ளேயே லிதியம் பற்றரி அமர்ந்திருக்கிறது. இந்த அபிவிருத்தியை வரவேற்காதவர் எவருமிலர். ஆயினும், உபகரணங்கள் வந்து சேர்ந்த வேகத்தில் அவற்றால் விளையும் ஆபத்தை எதிர்கொள்ளும் அறிவு நம் வேலைத்தளங்களுக்கு வந்து சேரவில்லை என்பது என் மனத்தை நெடுநாளாக வருத்துகிற விஷயம்.

சென்ற மாரியில் கிளிநொச்சிக்குக் கிழக்கே வீடு கட்டும் வளவொன்றுக்குப் போயிருந்தேன். மூன்று இடங்களில் ஒட்டுப்போட்டுப் பொலித்தீன் சுற்றிய வயர் ஒன்று சீமெந்துத் தண்ணீர் தேங்கிய குழியினூடே கிடந்தது. அதன் முனையில் பிளக் இல்லை. வெறும் கம்பிகளைத் துவாரத்தில் செருகித் தீக்குச்சிகளால் இறுக்கியிருந்தார்கள். செருப்பில்லாத ஈரக் காலுடன் ஒரு பெடியன் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ட்ரிப் சுவிட்ச் எங்கே என்று மேசனிடம் கேட்டேன். “அது சும்மா சும்மா விழுது ஐயா, அதாலை நேரே குடுத்திட்டம்” என்றார். மின்சாரம் வழிதவறி நிலத்துக்குக் கசிகிறது என்று அந்தச் சுவிட்ச் எச்சரித்ததைத் தொல்லையென்று கருதி, 230 வோல்ற்றுக்கும் அந்தப் பெடியனின் பிராணனுக்கும் நடுவே நின்ற ஒரேயொரு காவலை அவர்கள் அகற்றிவிட்டார்கள்.

மின்சாரம் தாக்கியவனைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பது மனித சுபாவம். அந்தச் சுபாவமே இரண்டாவது உயிரையும் வாங்கிவிடும். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தவேண்டும். அதற்கு வழியில்லையெனில், காய்ந்த பலகையின்மேல் நின்று, காய்ந்த தடியால் வயரை விலக்கவேண்டும். மூச்சில்லையெனில் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வரை, ஐந்து சென்ரிமீற்றராவது தாழும்படி, அம்புலன்ஸ் வரும்வரை அழுத்திக்கொண்டேயிருக்கவேண்டும். “ஒண்டுமில்லை” என்று எழுந்து நடப்பவனையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே விவேகம். உட்புறத் தீக்காயத்தையும் இருதயத் துடிப்பின் தடுமாற்றத்தையும் வெளித்தோற்றம் காட்டாது.

பற்றரித் தீயின் குணம் வேறு. உள்ளேயுள்ள ஒரு கலம் சூடேறி மற்றதைச் சூடேற்ற, வெளிக்காற்றின் தயவுகூட இல்லாமல் அது தொடர்ந்து எரியும். அதன் புகை நஞ்சு. உப்பிய, சூடேறிய, கீழே விழுந்து நசுங்கிய பற்றரியைச் சார்ஜில் போடவே கூடாது. புகை கிளம்பிவிட்டால் ஆட்களை வெளியேற்றி, மின்னிணைப்பைத் துண்டித்து, எட்ட நின்று ஏராளமான தண்ணீர் ஊற்றவேண்டும். அணைந்தது மணிக்கணக்கின் பின் மீண்டும் பற்றுமாதலால், அதைக் கொட்டிலுக்குள் திரும்பக் கொண்டுவரலாகாது. 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை எரிந்தபோது தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்ததையும், அது வருமுன் கடைகள் சாம்பலானதையும் நாம் மறக்கவில்லை. நகரச் சந்தைக்கே அந்தக் கதியென்றால், துணுக்காயிலோ முத்தையன்கட்டிலோ ஒரு கொட்டில் பற்றினால் முதலில் நிற்கப்போகிறவன் பக்கத்து வேலையாள்தான்.

ஆகவே இந்த ஆபத்துகளை எதிர்கொள்ளும் பயிற்சியைக் கூலியாளின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவது அநியாயம். ட்ரிப் சுவிட்சும் முதலுதவி தெரிந்த ஒருவரும் இல்லாத ஒப்பந்தகாரருக்குப் பிரதேச சபைகள் எந்த வேலையையும் கொடுக்கக்கூடாது. தனியார் வீடுகளில் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. வீடு கட்டுவிப்போரே, நாளைக் காலை வேலை தொடங்குமுன் உங்கள் வளவில் கிடக்கும் வயர் நெடுக நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். 2018 முதல் வடக்கிலும் ஓடுகிற இலவச அம்புலன்ஸின் இலக்கமான 1990ஐ மெயின் சுவிட்சுக்கு மேலே, எல்லோருக்கும் தெரியும்படி பெரிதாக எழுதிவையுங்கள்.