பேசிக் குறைக்கணும்!

துபாயிலோ டல்லாஸிலோ இருந்துகொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் வீடு கட்டுகிறீர்கள். நல்ல விஷயம், கட்டுங்கள். ஆனால், உங்கள் எக்ஸெல் ஷீட்டை ஒரு தடவை காட்டுங்களேன்.

சிமென்ட் என்ன பிராண்ட், கம்பி எத்தனை டன், ராஜஸ்தான் கிரானைட், இத்தாலியன் பாத்ரூம் ஃபிட்டிங்ஸ்... எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி போட்டிருக்கிறீர்கள். கூலிக்கு? 'லேபர்' என்று ஒரே ஒரு கட்டம். பக்கத்திலேயே சிவப்பில் ஒரு குறிப்பு: 'பேசிக் குறைக்கணும்'. அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு சண்டை.

அங்கே பிளம்பர் வந்து பெல் அடித்தாலே விசிட் சார்ஜ் நீட்டுகிறார். வாயைத் திறக்காமல் கொடுக்கிறீர்கள். இங்கே சதுர அடிக்கு 50 ரூபாய் குறைக்க மச்சானை விட்டு மூன்று நாள் பேரம்! 2,000 சதுர அடி வீட்டுக்கு அது 1 லட்சம். மேஸ்திரி ஒத்துக்கொள்வார். வேலையில்லாத மாதமாக இருக்கும், பாவம்.

சரி, அந்த 1 லட்சத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? சொந்தப் பையிலிருந்தா? நாலு கொத்தனார் நிற்கவேண்டிய இடத்தில் ரெண்டு பேர் நிற்பார்கள். நேற்றுவரை கலவை சுமந்த பையன் கையில் கரண்டி ஏறும். காலையில் கலந்தது இறுகிப்போனால், தண்ணீர் ஊற்றிக் கிளறி மத்தியானமும் பூசுவார்கள். செங்கல்லை நனைக்க ஆள் இருக்காது.

அதைவிட மோசம், கியூரிங். சாதாரண சிமென்ட்டில் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாளும், கலப்பு சிமென்ட் என்றால் 10 நாளும் ஈரமாகவே வைக்கவேண்டும் என்கிறது ஐஎஸ் 456 என்கிற இந்தியத் தரவிதி. நம்ம ஊர் காய்ச்சல் வெயிலில் அது 10, 14 ஆகிறது. அத்தனை நாளும் ஓஸ் பைப் பிடிக்க ஓர் ஆளின் கூலி உங்கள் பட்டியலில் இருக்கிறதா? "தண்ணி விடுறதெல்லாம் வீட்டுக்காரங்க பாத்துக்கணும்" என்பார் மேஸ்திரி. வீட்டுக்காரர் டல்லாஸில். அங்கே அப்போது நடு ராத்திரி.

அடுத்தது பணம் அனுப்புகிற அழகு. சைட்டில் சனிக்கிழமை சாயந்திரம்தான் பட்டுவாடா. நீங்களோ பேஸ்மென்ட்டுக்கு இவ்வளவு, லின்டலுக்கு இவ்வளவு, ரூஃபுக்கு இவ்வளவு என்று ஸ்டேஜ் வைத்திருக்கிறீர்கள். "போட்டோ அனுப்புங்க, பாத்துட்டு ரிலீஸ் பண்றேன்." போட்டோ வந்து, நீங்கள் பார்த்து, பணம் மச்சான் கணக்குக்குப் போய், அவருக்கு பேங்குக்குப் போக நேரம் கிடைப்பதற்குள் ரெண்டு சனிக்கிழமை தாண்டிவிடுகிறது. மேஸ்திரி வட்டிக்கு வாங்கிக் கொடுப்பார். அதுவும் கிடைக்காவிட்டால் ஆட்கள் பக்கத்து சைட்டுக்குப் போய்விடுவார்கள். உடனே, "நம்ம ஊர் ஆளுங்களை நம்பவே முடியாது சார், பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று நண்பர்களிடம் புலம்பல். போகாமல்? மளிகைக் கடைக்காரர் என்ன, லின்டல் மட்டம் வரட்டும் என்று காத்திருப்பாரா?

செங்கல் சுமந்து மாடி ஏறுகிற சித்தாள் அம்மாவுக்குக் கூட வேலை செய்கிற ஆணைவிடக் கூலி குறைவு. சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தாயிற்று. இது கொடுப்பவர் நினைத்தால் மாறும். கொடுப்பவர் நீங்கள்தான். கூடவே, அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். விழுந்து அடிபட்டால் கையில் அந்த அட்டையாவது இருக்கவேண்டும்.

உள்ளூர் மேஸ்திரியையே பிடியுங்கள். அவர் அஞ்சு வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடு ஒன்றை ஐப்பசி மழையில் யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தளம் ஒழுகினால் அப்போதே தெரிந்துவிடும். அப்புறம் அந்த ஒற்றைக் கட்டத்தைப் பிரியுங்கள். கொத்தனார், கம்பி, சென்ட்ரிங், ஆசாரி, எலக்ட்ரீஷியன், பெயின்டர், தண்ணீர் விடுகிறவர் - தனித்தனி வரி. நாலு வாரக் கூலி எப்போதும் தனிக் கணக்கில் இருக்கட்டும். மச்சானைச் சுற்றாமல் சனிக்கிழமை மேஸ்திரி கைக்கே போகட்டும்.

பட்ஜெட் இடிக்கிறதா? அந்த இத்தாலியன் ஃபிட்டிங்ஸை அடித்துவிடுங்கள். தண்ணீர் விடுகிறவருக்கு ஒரு மாதக் கூலி அதிலேயே வந்துவிடும்.