தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளையும் நினைவில் வையுங்கள்

செம்பவாங் கப்பல் பட்டறை இடம்பெயர்ந்த பின் அந்த நீர்முனையை மறுமேம்படுத்தும் திட்டம் சிங்கப்பூரின் 2025 நகல் பெருந்திட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. மனமார வரவேற்கிறேன். ஆனால் பட்டறை அமைந்துள்ள முன்னாள் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் எதைப் பாதுகாப்பது என்ற பேச்சு வந்தாலே அதிகாரிகளின் கறுப்பு வெள்ளை பங்களாக்களோடு நின்றுவிடுகிறது.

அவற்றில் பல இன்றும் மரநிழலில் வாடகை வீடுகளாக நிற்கின்றன. 1938ல் திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறையும் இருக்கிறது. அந்தத் துறைக்குள் இறங்கிக் கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சாயம் பூசியவர்களின் குவார்ட்டர்ஸ் எங்கே இருந்தது என்று கேட்டால் இளையவர்களுக்குச் சொல்லத் தெரியாது. நான் வளர்ந்தது அங்கேதான். அப்பா பட்டறையில் வெல்டர். ஒரு பக்கம் மலையாளக் குடும்பம், மறுபக்கம் மலாய்க் குடும்பம். ஓணத்துக்கு அங்கிருந்து பாயசம் வரும், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். தளத்துக்கு வெளியே சோங் பாங் கிராமம்தான் எங்களுக்குக் கடைத்தெரு.

1968 ஜனவரியில், படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்தது. நம் நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு பிரிட்டிஷ் தளங்களைச் சார்ந்திருந்த காலம் அது. எங்களுக்கு வேலை தந்தவரே வீடும் தந்தவர். வேலை போனால் கூரையும் போகும். அப்பாவும் அம்மாவும் இரவெல்லாம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததன் பொருள் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. தளத்தின் பட்டறை சிவில் கப்பல் பட்டறையானது. பலர் அதிலேயே தொடர்ந்தார்கள். சிலர் ஊர் திரும்பினார்கள்.

இடநெருக்கடி உள்ள நாட்டில் பழைய வரிசை வீடுகளைத் திரும்பக் கட்டச் சொல்லவில்லை. புதிய வட்டாரத்தில் வரப்போகும் தெருக்களில் சிலவற்றுக்காவது அங்கே உழைத்தவர்களை நினைவூட்டும் பெயர் சூட்டுங்கள். குவார்ட்டர்ஸ் இருந்த இடங்களை அடையாளம் கண்டு, யார் வாழ்ந்தார்கள் என்பதை நான்கு மொழிகளிலும் எழுதி வையுங்கள்.

அதற்கு முன், அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். 1971ல் இருபது வயதில் வேலை பார்த்தவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. கட்டடத் திட்டம் சில ஆண்டுகள் பொறுக்கும். இந்த வேலை பொறுக்காது.