முதல் செலவு மொட்டைமாடிக்கு

வானொலி அலைகளைக் கேட்பதில் ஆர்வம் கொண்டவர்கள் முதலில் விசாரிப்பது செட்டைப் பற்றித்தான். எந்த ஸ்கேனர் நல்லது, எத்தனை சேனல்களை நினைவில் வைத்துக்கொள்ளும், எவ்வளவு வேகத்தில் அலைவரிசைகளைத் துழாவும் என்றெல்லாம் அலசி, கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை அதில் போட்டுவிடுகிறார்கள். ஆன்டெனாவுக்கு மிச்சம் மீதி. கேபிளுக்கு அதிலும் மிச்சம். கடைசியில், பெட்டியோடு வந்த சாண் நீள ரப்பர் ஆன்டெனாவைத் திருகிவிட்டு, செட் சரியில்லை என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். வரிசை அப்படியே தலைகீழாக மாற வேண்டும் என்பது என் வாதம். மாடியில் எவ்வளவு உயரத்தில் எந்த ஆன்டெனா, அங்கிருந்து அறைக்கு எந்தக் கேபிள் என்ற இரண்டையும் ஒரே கணக்காகப் போட்டு முடித்த பிறகுதான் செட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். இது தனி ஆர்வலர்களுக்கு மட்டுமல்ல, ஹாம் ரேடியோ மன்றம் தொடங்கும் கல்லூரிகளுக்கும், படகுகளோடு பேசக் கரையில் வி.எச்.எஃப். செட் வைத்திருக்கும் மீனவர் சங்கங்களுக்கும் பொருந்தும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்கேனர் போன்ற கம்பியில்லாக் கருவிகளை வைத்திருப்பதற்கே அரசின் அனுமதி வேண்டும் என்பது 1933ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இந்தியாவில் இருந்துவரும் நிலை. காவல்துறையோ ராணுவமோ பேசிக்கொள்வதில் காது வைப்பது யாருக்கும் அனுமதிக்கப்பட்டதல்ல. இந்தக் கட்டுரை அதற்கு வழிகாட்டவும் இல்லை. நேர்வழி ஹாம் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் பெறுவது. 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். 2004 சுனாமியின்போது ஹாம் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத், அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி போய்ச்சேர வழிசெய்தார். மற்றத் தொடர்புகள் அறுந்துபோகும் நேரத்தில் இப்படி ஒரு நிலையம் பயன்பட வேண்டுமானால், அது அன்றாடம் நன்றாகக் கேட்கும் நிலையமாக இருந்தாக வேண்டும்.

செட்டுக்கு ஏன் கடைசி இடம்? அது இன்று அரிய பொருளாக இல்லை. டிஜிட்டல் டிவி பார்ப்பதற்கென விற்கப்பட்ட, கட்டைவிரல் அளவே உள்ள ஒரு யுஎஸ்பி கருவியைக் கணினியில் செருகி, ஏறக்குறைய 24 முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் ரேடியோவாக மாற்றலாம் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்தது. அதற்குள் இருந்த ஆர்டிஎல்2832யு என்ற சிப்பின் பெயரே இப்போது அந்த வகைக் கருவிகளுக்கு அடையாளமாகிவிட்டது. அதில் பிரபலமான வகைகள் தம் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல் 3.5 டெசிபெல் அளவுதான். மெல்லிய ஒலியைப் பிடிக்கும் திறன் என்ற ஒரு அளவுகோலில், பல மடங்கு விலையுள்ள செட்டுகள் இதைப் பெரிதாக மிஞ்சிவிடுவதில்லை. அவற்றின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: பக்கத்தில் வலுவான நிலையம் முழங்கினாலும் தடுமாறாமல் இருப்பது, டிஜிட்டல் முறைகளைப் பிரித்துத் தருவது போன்றவற்றில். அந்தத் தேவை வந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஆன்டெனாவுக்கு வந்து சேராத அலையை எந்த விலைச் செட்டாலும் உண்டாக்க முடியாது.

அலை வந்து சேர்வதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உயரம். இந்த அலைவரிசைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் செல்பவை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், சமதரையில் அதற்கு எத்தனை கிலோமீட்டர் வரை எட்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 4 மீட்டர் உயரத்தில் உள்ள ஜன்னலுக்கு 8 கிலோமீட்டர். மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் குழாய் நட்டு 16 மீட்டருக்குக் கொண்டுபோனால் 16. தொலைவு இரண்டு மடங்கு என்றால், காதுக்குள் வரும் பரப்பு நான்கு மடங்கு. அதோடு, தொலைவில் தரையிலோ கடலிலோ இருக்கும் நிலையத்தைக் கேட்கும்போது, நம் ஆன்டெனாவின் உயரத்தை இரட்டித்தால் வரும் சமிக்ஞை சுமார் 6 டெசிபெல், அதாவது நான்கு மடங்கு கூடுகிறது. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, கடல் தாண்டி வந்த அந்தப் படத்தைப் பிடிக்க ஊர் ஊராக உயரமான குழாய்களில் ஆன்டெனாக்கள் ஏறின. படம் புள்ளி புள்ளியாக வந்தால் மேலே ஏறி ஆன்டெனாவைத் திருப்பினார்கள். டிவி பெட்டியை மாற்ற யாரும் ஓடவில்லை. அந்த அனுபவ அறிவு டிஷ்ஷும் கேபிள் டிவியும் வந்தபின் மங்கிவிட்டது.

ஆனால் உயரம் கூடக்கூடக் கேபிளும் நீள்கிறது. கேபிளோ வழியெல்லாம் சமிக்ஞையைத் தின்கிறது. இந்த இரண்டையும் தனித்தனியாக யோசிப்பதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். மாடி ஆன்டெனாவிலிருந்து தரைத்தள அறைக்கு, வளைவுகள் உட்பட 25 மீட்டர் கேபிள் என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளில், ஹாம்கள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 5 டெசிபெல் இழப்பு; மூன்றில் ஒரு பங்குதான் கீழே வருகிறது. 435 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 9 டெசிபெல்லை ஒட்டி இருக்கும். எட்டில் ஒரு பங்கு மிஞ்சும். விமானங்கள் தாம் இருக்கும் இடத்தைத் தாமே அறிவிக்கும் 1,090 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் 15 டெசிபெல். முப்பதில் ஒரு பங்கு. அவ்வளவு சிரமப்பட்டு மாடியில் பிடித்த அலை, படிக்கட்டு இறங்குவதற்குள் தீர்ந்துவிடுகிறது. அதே 25 மீட்டருக்கு, டிஷ் டிவிக்குப் போடுகிறார்களே அந்த ஆர்ஜி-6 கேபிளைப் போட்டால், இழப்பு முறையே ஏறக்குறைய 2, 3.5, 5.5 டெசிபெல். எல்எம்ஆர்-400 போன்ற தடித்த கேபிள் இன்னும் நல்லது. ஆனால் அதன் தடிமன் 10 மில்லிமீட்டருக்கு மேல்; ஜன்னல் ஓரத்தில் வளைக்க மல்லுக்கட்ட வேண்டும், விலையும் பல மடங்கு. கேபிளுக்குக் கேபிள் தயாரிப்பு மாறும் என்பதால் இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகலாம், வரிசை மாறாது.

இங்கே படித்தவர்கள் ஓர் ஆட்சேபத்தை எழுப்புவார்கள். டிவி கேபிள் 75 ஓம், ஸ்கேனரின் உள்ளீடு 50 ஓம், பொருந்தாதே என்பார்கள். பொருந்தாதது உண்மை, அதன் விலை என்ன என்று பார்க்க வேண்டும். 75க்கும் 50க்கும் இடையிலான ஒரு சந்திப்பில் திரும்பிப் போவது 4 விழுக்காடு சக்தி. டெசிபெல்லில் 0.2ஐக்கூடத் தொடாது. 4 விழுக்காட்டைக் காப்பாற்றுவதற்காக ஆர்ஜி-58 போட்டு, மூன்றில் இரண்டு பங்கையோ அதற்கு மேலோ கேபிளில் விடுவது கணக்கே அல்ல. கேட்பதற்கு மட்டும் என்றால் ஆர்ஜி-6 முழுக்கப் போதும் என்று உறுதியாகச் சொல்வேன். எந்த ஊரிலும் கிடைக்கும், கனெக்டர் போட்டுத்தரத் தெரிந்தவரும் தெருவுக்கு ஒருவர் இருப்பார். ஒலிபரப்பவும் செய்கிற நிலையத்துக்கு இது பொருந்தாது. அதற்கு 50 ஓம் கேபிள்தான், அதுவும் ஆர்ஜி-213 போலத் தடித்ததாக. கரையில் இருக்கும் 25 வாட் வி.எச்.எஃப். செட்டில் 25 மீட்டர் ஆர்ஜி-58ஐ மாட்டினால், அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் ஆன்டெனாவைச் சென்றடைவது 8 வாட் அளவுதான். கடலில் இருக்கும் படகு பதில் சொல்லவில்லை என்றால், செட்டைக் கழற்றிப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் அந்தக் கேபிளைப் பார்க்க வேண்டும்.

கேபிளில் போவதை பூஸ்டர் வைத்து மீட்டுவிடலாமே என்பது அடுத்த ஆட்சேபம். எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வரிசையில் முதலில் நிற்கும் கருவியின் இரைச்சல்தான் மொத்த இரைச்சலைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பதை பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் ஃப்ரிஸ் 1944இல் சூத்திரமாகவே எழுதிக் காட்டினார். ஆன்டெனாவின் அடியிலேயே பூஸ்டர் இருந்தால் பயன் உண்டு. கீழே, செட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், தேய்ந்துபோய் வந்த சமிக்ஞையையும் அதோடு கலந்த இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். மேலே வைத்தாலும் நகரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்.எம். நிலையங்களும், 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டி செல்போன் கோபுரங்களும் முழங்குகின்றன. அவற்றையும் பூஸ்டர் பாகுபாடு இல்லாமல் பெருக்கித்தர, மலிவான செட் திருவிழா ஒலிபெருக்கி அடியில் நின்று கிசுகிசுப்பைக் கேட்க முயல்பவர் நிலைக்கு வந்துவிடும். கேபிளைச் சரியாகத் தேர்ந்த பிறகும் போதவில்லை என்றால், எஃப்.எம்.மைத் தடுக்கும் ஃபில்டரோடு பூஸ்டர் வைக்கலாம். கேபிளுக்குப் பதிலாக அது ஆகாது.

நான் எடுத்துக்கொள்ள வேண்டிய வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. நகரத்தில் 150 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வெளியிலிருந்து வரும் இரைச்சலே அதிகம். கேபிள் சமிக்ஞையைக் குறைக்கும்போது அந்த இரைச்சலையும் அதே அளவுக்குக் குறைக்கிறது, ஆகவே ஒன்றிரண்டு டெசிபெல் இழப்பு காதுக்குத் தெரியாது என்பார்கள். இது சரிதான். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள விமானப் பேச்சு அலைவரிசையில் கேபிளுக்காகப் பெரும்பணம் செலவழிக்க வேண்டியதில்லை; வித்தியாசம் பளிச்சென்று தெரிவது 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேதான். ஆனால் இதே ஆட்சேபம் மாடிக்குச் சாதகமாகவும் பேசுகிறது. அந்த இரைச்சலின் பெரும்பங்கு எங்கிருந்து கிளம்புகிறது? மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், மின்விசிறி ரெகுலேட்டர் என எல்லாம் வீட்டுக்குள் இருப்பவை. ஆன்டெனா அவற்றை விட்டு நான்கைந்து மீட்டர் மேலே போனாலே இரைச்சல் தணியும். நல்ல பின்னல் உறையுள்ள கேபிள், அந்தக் குப்பை வழியில் நுழையாமலும் காக்கிறது.

ஆன்டெனா வகைக்கு வந்தால், எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்ற ஆசையில் பலரும் டிஸ்கோனை வாங்குகிறார்கள். ஆர்மிக் காண்டோயனின் பெயரில் 1945இல் காப்புரிமை பெற்ற அந்த வட்டும் கூம்புமான அமைப்பு, மிக அகலமான அலைவரிசைக்கு ஈடுகொடுக்கும். ஆனால் எந்த அலைவரிசைக்கும் சாதாரண டைபோலைவிட அதிகமாக எதையும் தராது, எஃப்.எம்.மையும் செல்போன் கோபுரத்தையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு வரும். ஒரு நிலையத்துக்கு முக்கியமான அலைவரிசை ஒன்றோ இரண்டோதான். அதற்கென்று அளவெடுத்துச் செய்த ஆன்டெனாவே நல்லது. 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49 சென்டிமீட்டர் பித்தளைக் கம்பி ஒன்றை நேராக நிறுத்தி, அதே நீளத்தில் நான்கு கம்பிகளை 45 டிகிரி சரிவாகக் கீழே விரித்து, ஒரு கனெக்டரில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. செலவு சில நூறு ரூபாய். கம்பி செங்குத்தாக நிற்பது முக்கியம். காரிலும் படகிலும் ஆன்டெனா செங்குத்தாகவே நிற்கிறது. பழைய டிவி ஆன்டெனாவைப் படுக்கைவாட்டில் வைத்து இவற்றைக் கேட்க முயன்றால், நேர்ப்பார்வையில் 20 டெசிபெல் வரைகூட இழக்க நேரிடலாம்.

இவ்வளவும் செய்தபின் கெடுப்பது தண்ணீர். மழைநீர் கனெக்டர் வழியே நுழைந்து பின்னலுக்குள் ஊறினால், கேபிள் வெளியே புதிதுபோலவே இருக்கும், உள்ளே கறுத்துப்போயிருக்கும். நாகையிலும் தூத்துக்குடியிலும் உப்புக்காற்று இந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடிக்கும். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பிசுபிசுத்து உரிந்துவிடும். இழுத்துச் சுற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்ற வேண்டும். கேபிள் சுவருக்குள் நுழையுமுன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் குழாயைத் தடித்த செம்புக் கம்பியால் வீட்டின் எர்த்தோடு இணைப்பதும், இடி கேட்கத் தொடங்குமுன்பே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வைத்திருப்பதும் கட்டாயம். குழாய் சாய்ந்தாலும் மின்கம்பியில் படாத தூரத்தில் அதை நட வேண்டும்.

வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்கள் என்ன செய்வது? மாடியில் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லும் குடியிருப்போர் சங்கங்களின் கவலை பெரும்பாலும் ஒழுகல்தான். தட்டோட்டில் துளை போட்டால் கீழ்வீட்டுக் கூரை கசியும். அந்தக் கவலை நியாயமானது, அதற்கு வழியும் உண்டு. கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தில் இரண்டு கிளாம்ப் போட்டு, ஒன்றரை அங்குல ஜிஐ பைப்பை நிறுத்தலாம். தளத்தைத் தொடவே வேண்டாம். எர்த் இணைப்பு, வருடம் ஒருமுறை கிளாம்ப் சோதனை, வீடு காலிசெய்யும்போது கழற்றித்தரும் உறுதி ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொண்டு சங்கங்கள் அனுமதிக்க வேண்டும். அதே மாடியில் வரிசையாக நிற்கும் டிஷ்களைவிட இந்தக் கம்பிக்குக் காற்று பிடிக்கும் பரப்பு மிகக் குறைவு.